இசக்கிப்பாண்டியின் சாம்பல் நிற லேயர்

ரயில்வே வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறி, மருத்துவப் பரிசோதனைக்குப் போன அன்றுதான் இசக்கிப்பாண்டிக்குத் தன் கண்ணைப் பற்றித் தெரியவந்தது. அப்போது அவனுக்கு வயது இருபத்திரண்டு. டாக்டரம்மா வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தைத் திறந்து பக்கம் பக்கமாகக் காட்டினார். முதல் பக்கத்தில் பன்னிரண்டு என்று சரியாகச் சொன்னான். அடுத்த பக்கத்தில் என்ன எண் தெரிகிறது என்று இந்தியில் கேட்டார். "எண் ஒண்ணும் இல்லையே மேடம், புள்ளிதான் இருக்கு" என்று அவனும் இந்தியில் சொன்னான். அடுத்த பக்கத்துக்கும் அதே பதில். அதற்கடுத்த பக்கத்துக்கும் அதேதான். டாக்டரம்மா புத்தகத்தை மூடிவிட்டு, அவனை ஒருமுறை இரக்கமாகப் பார்த்து, தாளில் ஏதோ எழுதினார். சிவப்பும் பச்சையும் அவனுக்குப் பிரித்துத் தெரியாது. சிக்னல் பார்க்க வேண்டிய வேலைக்கு அவன் ஆகமாட்டான்.

மும்பை தாராவியில் வீட்டுக்கு வந்து சொன்னதும் அவன் அம்மா ஆறுமுகத்தாய் பட்டன் தைத்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"அப்பம் அது சோம்பேறித்தனம் இல்லையால? வத்தலுக்குப் பழுத்த மொளகாயாப் பொறுக்கிட்டு வாலன்னா பச்சையவும் சேத்து அள்ளிட்டு வருவியே. எத்தன நாள் முதுகுல வச்சிருக்கேன்!"

"வலிக்கத்தான் செஞ்சுது" என்றான் இசக்கிப்பாண்டி. அம்மா அழுவாள் என்று நினைத்திருந்தான். அவள் சிரித்துவிட்டாள். பிறகு கொஞ்சம் அழவும் செய்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஏதேதோ வேலைகள் பார்த்தான். முத்துமாரியைப் பெண் பார்க்கப் போனபோது, தன் கண் விஷயத்தை அவனே அவளிடம் தனியாகச் சொன்னான். அவள் ஒரு தையல் யூனிட்டில் நூல் கண்டுகளோடு புழங்குகிறவள். "கடுகும் சீரகமும் பிரிச்சுத் தெரியும்லா?" என்று கேட்டாள். தெரியும் என்றான். "பொறவென்ன" என்றுவிட்டாள்.

கல்யாணமான ஆறாவது மாதத்தில் செம்பூரில் விசாலாக்ஷி நடத்தும் எடிட்டிங் யூனிட்டில் வேலை கிடைத்தது. விசாலாக்ஷி மாட்டுங்காக்காரர். இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஸ்டேஷன் பக்கம் இரண்டு அறைகளில் ஆறு கம்ப்யூட்டர்களைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கல்யாண போட்டோ எடுப்பவர்கள் படங்களை அவரிடம் கொடுப்பார்கள். அவற்றைச் சரிசெய்து ஆல்பம் ஆக்கித் தருவது யூனிட்டின் வேலை. சான்பாடா, உல்லாஸ்நகர் என்று போய் ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கி வருவதற்குத்தான் இசக்கிப்பாண்டியைச் சேர்த்தார். அங்கே எல்லோரும் அவனைப் பாண்டி என்றார்கள்.

ரயிலில் அலையும் நேரம் முழுவதும் போனில் எடிட்டிங் வீடியோக்களாகப் பார்த்தான். யாராவது லீவு போட்டால் அந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பழகினான். முதலில் பழகியது முரட்டு வழி. முகத்தில் வெளிச்சம் போதாத இடத்தைப் படத்தின் மேலேயே நேராகத் தேய்த்து வெளுக்கவைப்பான். வெளுத்த இடத்தைத் தேய்த்து இருட்டாக்குவான். ஒருநாள் ஒரு மணப்பெண்ணின் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஆக்கி, அப்படியே சேமித்து, மூடியும் விட்டான். மறுபடி திறந்தபோது பின்னால் போக வழியில்லை. அந்தக் கன்னம் போனது போனதுதான். நல்லவேளை, போட்டோகிராபரிடம் வேறொரு பிரதி இருந்தது.

அந்தப் பயத்தில்தான் இன்னொரு வழியைத் தேடிப் பிடித்தான். படத்தின் மேல் கைவைக்கவே கூடாது. அதற்கு மேலே வெறும் சாம்பல் நிறத்தில் ஒரு லேயரைத் தனி அடுக்காகப் போட வேண்டும். கருப்புக்கும் வெள்ளைக்கும் நட்டநடுவிலான சாம்பல். அந்த லேயரை சாஃப்ட் லைட் என்ற முறைக்கு மாற்றினால் சாம்பல் மாயமாகி, கீழே இருக்கும் படம் இருந்தபடியே தெரியும். அந்தக் கண்ணுக்குத் தெரியாத சாம்பலின் மேல் வெள்ளை பிரஷால் மெல்லத் தடவினால் கீழே உள்ள முகத்தில் அந்த இடம் வெளிச்சமாகும். கருப்பால் தடவினால் நிழல் ஆழமாகும். தவறினால் அங்கே சாம்பலையே மறுபடி பூசிவிடலாம். பிடிக்காவிட்டால் லேயரையே தூக்கி எறியலாம். எடுத்த படத்துக்கு ஒரு கீறல் விழாது.

பிரஷின் அழுத்தத்தை மூன்று சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்வான். ஒரு தடவையில் எதுவும் தெரியாது. பத்துத் தடவைக்குப் பிறகு மூக்குத்தண்டு எழுந்து வரும், தாடைக்குக் கீழே ஓர் அழுத்தம் விழும், கண்ணுக்குக் கீழிருந்த களைப்பு கரையும். தோலை வழவழவென்று மழுப்பும் வேலையை அவன் செய்வதில்லை. திட்டுத் திட்டாக இருக்கும் வெளிச்சத்தைச் சமன் செய்வான், அவ்வளவுதான். பெண்ணை வெள்ளையாக்கு என்று சில வீட்டார் கேட்பதுண்டு. "வெள்ளை எதுக்கு, வெளிச்சம் போதும்" என்பான். செய்து காட்டியபின் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

இந்த வேலையில் யூனிட்டில் அவனை மிஞ்ச ஆளில்லை என்பது ஒரே வருடத்தில் தெரிந்துபோயிற்று. மற்றவர்கள் படத்தைப் பார்த்தால் முதலில் புடவையின் நிறம் கண்ணில் படும், பிறகு பூ, பிறகு மேடை விளக்கு. அவனுக்கு மேடும் பள்ளமும்தான் முதலில் தெரியும். நெற்றியில் எங்கே வெளிச்சம் முறிகிறது, கழுத்து மடிப்பில் எது நிழல், எது எண்ணெய்ப் பளபளப்பு என்று தள்ளி நின்றே சொல்வான். தேர்ந்தவர்களும் இந்த வேலை செய்யும்போது நிறம் தொந்தரவு செய்யாமல் இருக்கப் படத்தைத் தற்காலிகமாகக் கருப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பார்கள். அவனுக்கு அது பெரிதாகத் தேவைப்படவில்லை. விசாலாக்ஷி அவனை நிரந்தரமாக கம்ப்யூட்டரில் உட்காரவைத்தார்.

கண் விஷயத்தை மட்டும் அவன் சொல்லவில்லை. முத்துமாரி இரண்டு மூன்று முறை கேட்டாள். "நாளைக்குச் சொல்லுதேன்" என்று மூன்று வருடம் ஓட்டினான். நிறம் சரிசெய்யும் வேலை தன்னிடம் வந்தால் எண்களைப் பார்த்துச் சமாளித்தான். மவுஸை ஓர் இடத்தில் வைத்தால் அங்கே சிவப்பு எத்தனை, பச்சை எத்தனை, நீலம் எத்தனை என்று மூன்று எண்கள் வரும். தோல் என்றால் சிவப்பு அதிகம், பச்சை அதற்குக் குறைவு, நீலம் அதற்கும் குறைவு. இந்த ஏற்ற இறக்கத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தான். பெரும்பாலும் அந்த வேலை வராது. அதற்கென்றே பரீஹா இருந்தாள். தாராவிப் பெண், அவளுடைய வாப்பாவுக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம்தான். நிறத்தில் அவள் கண் கத்தி மாதிரி.

அந்தப் பரீஹா, அக்காவின் பிரசவத்துக்காகப் பத்து நாள் லீவில் போனாள். அவள் போன ஆறாம் நாள் முலுண்டிலிருந்து ஒரு கல்யாணம் வந்தது. எடுத்தவன் தப்ரேஸ், யூனிட்டின் பழைய வாடிக்கையாளன். முக்கியமான நாற்பத்திரண்டு படங்கள் முதலில் வேண்டும் என்றான்.

"லைட்டும் கலரும் நீயே பண்ணிடு பாண்டி. பரீஹா வர வரைக்கும் காத்துண்டிருக்க முடியாது" என்றார் விசாலாக்ஷி.

அன்று வாயைத் திறந்திருக்கலாம். "சரி மேடம்" என்றான்.

மூன்று நாள் முதுகொடிய உட்கார்ந்து செய்தான். வெளிச்ச லேயர்கள் அவன் செய்ததிலேயே சிறந்தவை என்று அவனுக்கே தோன்றியது. நிறத்துக்குத் தனி லேயர் போட்டு, ஒவ்வொரு முகத்திலும் நெற்றியில் மவுஸை வைத்து எண்களைப் பார்த்துச் சரிசெய்தான். நெற்றிகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் அந்த மண்டபத்தில் மேடைக்குக் கீழே இடது ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு வரிசை எரிந்திருக்கிறது. அது எல்லோருடைய இடது தாடையிலும் கன்னத்திலும் படிந்திருந்தது. நெற்றிக்கு அது எட்டவில்லை. நெற்றியை மட்டும் அளந்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

படங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, மணப்பெண்ணின் அம்மா வாலாம்பாள் முலுண்டிலிருந்து ரயிலேறி நேராக யூனிட்டுக்கே வந்துவிட்டார். கையில் டேப்லெட். பரீஹாவும் அன்றுதான் லீவு முடிந்து வந்து, பையைக்கூட இன்னும் கீழே வைக்காமல் நின்றாள்.

"இங்கே யாரும்மா பொறுப்பு?" என்றார் வாலாம்பாள். "இதப் பாருங்கோ. மாப்பிள்ளைக்குத் தாடையெல்லாம் பாசி பிடிச்சாப்பல இருக்கு. சம்பந்தி மாமி பாதி மாமியா இருக்கா, பாதி பாகக்காயா இருக்கா. இதை நான் எப்படி அவாகிட்ட காட்டறது?"

விசாலாக்ஷி டேப்லெட்டை வாங்கிப் பார்த்தார். முகம் இறுகியது.

"ஆனா ஒண்ணு" என்று வாலாம்பாள் தொடர்ந்தார். "முகவெட்டு என்ன லட்சணமா வந்திருக்கு! என் பொண்ணு மூக்கு இவ்வளவு எடுப்பா இருக்கும்னு பெத்த எனக்கே தெரியாது. அதைத் தொட்டுடாதீங்கோ. பச்சை மட்டும் போகணும்."

விசாலாக்ஷி பாண்டியின் இடத்துக்கு வந்து நின்றார். "ஃபைலைத் திற. இந்தக் கன்னத்தைப் பாரு. என்ன தெரியறது?"

பாண்டி குனிந்து பார்த்தான். "நெழல் சரியாத்தான் இருக்கு மேடம்."

"நிழலைக் கேக்கல."

அவன் கை மவுஸை நோக்கிப் போனது. அந்த இடத்து எண்கள் தெரிந்துவிட்டால் பதில் சொல்லிவிடலாம்.

"மவுஸை விடு பாண்டி. கண்ணால பாத்துச் சொல்லு."

கையை மடியில் வைத்துக்கொண்டான். கன்னம் கன்னமாகத்தான் இருந்தது. அதன் வளைவு தெரிந்தது, தாடி மழித்த இடத்தின் சொரசொரப்பு தெரிந்தது. பாசி எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

"எனக்குத் தெரியாது மேடம்" என்றான். "செவப்பும் பச்சையும் எனக்குப் பிரிச்சுத் தெரியாது. பொறந்ததுலேருந்தே. கலர் பிளைண்ட்."

முதலில் பேசியது வாலாம்பாள்தான்.

"அடடே! எங்காத்து மாமாவுக்கும் அதேதான்! முப்பது வருஷம் ஆபீசுக்கு ஒரு கால்ல பச்சை சாக்ஸ், ஒரு கால்ல பிரவுன் சாக்ஸ் போட்டுண்டு போயிண்டிருந்தார். நான்தான் கடைசில எல்லாத்தையும் கடாசிட்டு ஒரே கருப்பா வாங்கிப் போட்டேன்." பிறகு பாண்டியைப் பார்த்து, "அப்போ அந்த மூக்கு, முகவெட்டெல்லாம் பண்ணது யாரு?" என்றார்.

"நாந்தாம்மா."

"கலர் தெரியாமலா?"

"அதுக்குக் கலர் வேண்டாம்மா. வெளிச்சம் தெரிஞ்சாப் போதும்."

பரீஹா பையை நாற்காலியில் மாட்டிவிட்டு, பாண்டியின் ஃபைலில் லேயர்களை வரிசையாகப் பார்த்தாள். மூக்கு, நெற்றி, தாடை, கழுத்து என்று அவன் தமிழில் பெயர் போட்டு வைத்திருந்தான். எல்லாவற்றுக்கும் மேலே 'கலர்' என்று ஒன்று. அதன் பக்கத்திலிருந்த கண் அடையாளத்தை அழுத்தி அதை அணைத்தாள். அவன் போட்ட நிறம் போயிற்று. முகவெட்டு அப்படியே நின்றது.

"மேடம், ஒண்ணும் போகல" என்றாள். "அண்ணன் எதையும் படத்துல சேத்து அமுக்கல. கலர் லேயரை மட்டும் தூக்கிட்டு நான் புதுசாப் போட்டுடுதேன். சாயங்காலத்துக்குள்ள பாதி முடிஞ்சிரும்."

வாலாம்பாள் நிம்மதியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் படம் சரியாகும்வரை இருந்து, சம்பந்தி மாமி முழு மாமியானதைப் பார்த்து, காபி குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

விசாலாக்ஷிக்குக் கோபம் அவ்வளவு சீக்கிரம் தணியவில்லை. இரண்டு நாள் அவனிடம் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், அவன் டிபன் டப்பாவைத் திறக்கும்போது எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"தெரியலேங்கறது தப்பில்லே. மூணு வருஷம் சொல்லாம இருந்தியே, அதான் எனக்கு ஆறமாட்டேங்கறது."

"சொன்னா அனுப்பிருவீங்கன்னு பயந்தேன் மேடம்."

"அனுப்பியிருப்பேனோ என்னவோ" என்று அவர் உண்மையாகவே யோசித்தார். "அன்னிக்கே சொல்லியிருந்தா அனுப்பித்தான் இருப்பேன். இப்போ உன் வேலையைப் பாத்தாச்சு. இனிமே நீ கலரைத் தொடப்படாது. பரீஹா லைட்டைத் தொடப்படாது. ஒரு ஃபைல், ரெண்டு பேர். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்." அன்று டப்பாவில் இருந்த புளிக்குழம்பு அவனுக்கு வழக்கத்தைவிட ருசியாக இருந்தது.

வீட்டில் சொன்னபோது முத்துமாரி, "இத மொதல்லயே செஞ்சிருந்தா மூணு வருசம் நல்லாத் தூங்கிருப்பிய" என்றாள். அன்று அவள் கேட்காமலே பாத்திரத்தையும் அவனே கழுவிவைத்தான்.

புது ஏற்பாடு முதலிலேயே சீராக ஓடிவிடவில்லை. இரண்டாவது வாரமே பரீஹா அவன் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, நீங்க இருட்டாக்குத எடமெல்லாம் எனக்குச் செவப்பு ஏறுது. கழுத்துக்குக் கீழ பாருங்க, செங்கல் மாதிரி இருக்கு."

"நான் கருப்புதான போட்டேன்? அதுல ஏது செவப்பு?"

"நீங்க போடல. அந்தச் சாம்பல் லேயர் அப்படித்தான் செய்யுது. நெழல ஆழமாக்கும்போது நெறத்தையும் கூடவே இழுத்துட்டு வருது."

அவனுக்கு அது தெரியாது. தெரியவும் வழியில்லை. ஆனால் அவள் சொன்னால் இருக்கும் என்று நம்பினான். இரண்டு பேரும் ஒரு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து முயன்று பார்த்தார்கள். சாம்பல் லேயருக்குப் பதிலாக இரண்டு கர்வ்ஸ் லேயர்கள் போட்டார்கள். ஒன்று படம் முழுவதையும் வெளிச்சமாக்குவது, மற்றொன்று இருட்டாக்குவது. இரண்டையும் கருப்பு மாஸ்க்கால் மூடிவிட்டு, தேவையான இடத்தில் மட்டும் வெள்ளை பிரஷால் திறந்துவிட்டார்கள். இரண்டும் வெளிச்சத்தை மட்டும் மாற்றி நிறத்தை விட்டுவிடும்படி லுமினாசிட்டி என்ற முறையில் வைத்தார்கள்.

"இப்பம்?" என்றான்.

"இப்பம் கழுத்து கழுத்தா இருக்கு" என்றாள் பரீஹா.

அப்போதும் சின்ன வேலைகளுக்கு அவன் சாம்பல் லேயரையே போட்டான். கை பழகிவிட்டது. செங்கல் வருகிறதா என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வான். அவளும் ஒரு முகத்தின் எந்தப் பக்கம் அமுங்கிக் கிடக்கிறது என்று புரியாதபோது அவனைக் கூப்பிடுவாள்.

இதற்குள் தப்ரேஸ் மூலமாக விஷயம் மற்ற போட்டோகிராபர்களுக்கும் பரவிவிட்டது. சிரிப்பார்கள் என்று பாண்டி எதிர்பார்த்தான். இரண்டு பேர் சிரிக்கவும் செய்தார்கள். ஆனால் ஹார்ட் டிஸ்க்கோடு வரும் சீட்டுகளில், "லைட் பாண்டி பாய் கையால்" என்று எழுதி வர ஆரம்பித்தது. தப்ரேஸ் இப்போது மண்டபத்திலிருந்தே போன் செய்வான். விளக்கை எந்தப் பக்கம் நகர்த்தட்டும் என்று கேட்பான். பாண்டி பஸ்ஸில் நின்றுகொண்டே பதில் சொல்வான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து அம்மா ஆறுமுகத்தாய் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், முத்துமாரி ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள். அவர்கள் கல்யாணப் படங்கள்.

"ஊர்ல உள்ளவ மூஞ்சியெல்லாம் வெளக்கம் பண்ணுதிய. எனக்கு ஒண்ணு பண்ணுங்க."

அவன் லேப்டாப்பைத் திறந்தான். முகத்துக்கு நேராக ஃபிளாஷ் அடித்து எடுத்த படம். இரண்டு பேரும் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரித் தட்டையாக நின்றார்கள். புது லேயர் போட்டு, பிரஷை மூன்று சதவீதத்துக்கு இறக்கிக்கொண்டு உட்கார்ந்தான். முத்துமாரி தோளுக்குப் பின்னால் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரத்தில் அவள் கண்ணிமைகளுக்கு மேல் மெல்லிய வெளிச்சம் வந்தது. சிரிப்பு அடக்கிய உதட்டோரம் ஒரு சின்னக் குழி விழுந்தது. அது எப்போதும் அங்கே இருந்ததுதான், ஃபிளாஷ் விழுங்கியிருந்தது.

"ஆத்தி" என்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரொம்பப் பண்ணிட்டியளோ? சினிமாக்காரி மாதிரில்லா இருக்கு. பழைய படம் இருக்கா, போச்சா?" என்று கேட்டாள்.

"கீழதான் இருக்கு." கண் அடையாளத்தை அழுத்தி அணைத்துக் காட்டினான். மறுபடி போட்டான். லேயரின் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பட்டை இருப்பதைக் காட்டி, மவுஸை அவள் கையில் கொடுத்தான். அவள் நூறிலிருந்து மெதுவாக இழுத்து இழுத்து, ஐம்பத்தைந்தில் நிறுத்தினாள்.

"இதான் நான்" என்றாள்.

தன் முகத்துக்கும் அதே ஐம்பத்தைந்தை வைத்தான் பாண்டி. மாலையின் நிறம் சரியாக இருக்கிறதா என்று அவளிடம் கேட்டான். அவள் கொஞ்சம் வாடினாற்போல் இருக்கிறது என்றாள். நிறத்தைப் பரீஹாவிடம் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்து, ஃபைலுக்குத் தன் பெயரையும் முத்துமாரி பெயரையும் போட்டுச் சேமித்தான். முத்துமாரி டீ போட எழுந்தாள். பேச்சுச் சத்தத்தில் விழித்துக்கொண்ட ஆறுமுகத்தாய், தனக்கும் ஒரு கிளாஸ் வேண்டும் என்றாள்.